அருகிலிருப்பவரின் அறிவு

மருத்துவமனையில் எழுதப்படும் எண்களிலேயே அதிகம் பொய் சொல்வது மூச்சின் எண்ணிக்கைதான். எந்த வார்டிலும் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பாருங்கள். நாடி ஆளுக்கு ஆள் மாறும், பிபி மாறும், காய்ச்சல் ஏறி இறங்கும். மூச்சு மட்டும் எல்லோருக்கும் நிமிடத்துக்கு 20. நிமோனியாவோடு வந்த பெரியவருக்கும் 20, காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு செல்போன் பார்த்துக் கிடக்கும் இளைஞனுக்கும் 20. இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. மற்ற எண்களைக் கருவி தந்துவிடுகிறது. மூச்சை எண்ணத்தான் ஒரு முழு நிமிடம் ஒருவர் பக்கத்தில் நின்று அவருடைய நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. எண்ணுவது தெரிந்தால் மூச்சு மாறிவிடும் என்பதால், நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே பார்க்க வேண்டும். கைக்குழந்தை என்றால் நெஞ்சைவிட வயிற்றைப் பார்க்க வேண்டும்; அது அழுது ஓயும்வரை காத்திருக்கவும் வேண்டும். 40 கட்டிலுக்கு இரண்டு பேர் என்று ஓடும் இரவில் அந்த நிமிடம் கிடைப்பதில்லை. கிடைக்காத நிமிடத்துக்குப் பதிலாக 20 என்று எழுதப்படுகிறது.

உடம்பு நிலைகுலையத் தொடங்கும்போது முதலில் மாறுகிறவற்றில் மூச்சும் ஒன்று. நுரையீரலில் சீழ் கட்டினாலும், ரத்தத்தில் கிருமி பரவினாலும், சர்க்கரை நோயாளியின் ரத்தத்தில் அமிலம் கூடினாலும், பிபி இறங்குவதற்கு வெகுநேரம் முன்பே மூச்சு வேகமெடுத்துவிடும். 2008இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை மூச்சு எண்ணிக்கையைப் புறக்கணிக்கப்பட்ட அறிகுறி என்றே தலைப்பில் குறிப்பிட்டது. மிக முக்கியமான அறிகுறியும் மிக அலட்சியமாக எழுதப்படும் அறிகுறியும் ஒன்றாகவே இருக்கின்றன. மருத்துவமனையில் செவிலியரின் கணிப்புக்கு உள்ள இடத்தை இதைக்கொண்டே புரிந்துகொள்ளலாம். அது பக்கத்தில் நின்றால் மட்டுமே கிடைக்கும் அறிவு. நிற்பதற்கான நேரத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு பகுதியாகப் பிரிக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிலிருந்து பார்த்துக்கொள்பவரும் ஒரு பகுதி. பரிமேலழகர் இந்த நான்கையும் மேலும் நந்நான்காக வகுக்கிறார். அருகிலிருப்பவருக்கு அவர் கேட்கும் தகுதிகள்: நோயாளியிடம் அன்பு, மனமும் சொல்லும் உடலும் தூய்மையாக இருத்தல், சொன்னதைச் சொன்னபடி செய்து முடிக்கும் திறமை, அறிவு. பழைய உரைக்காரர் ஒருவர் அறிவைத் தனித் தகுதியாக எண்ணியிருப்பது கவனிக்க வேண்டியது. நம் மருத்துவமனைகள் முதல் மூன்றையும் நன்றாகவே எடுத்துக்கொண்டன. அன்புக்காகச் செவிலியரைத் தேவதை என்கிறோம், தூய்மைக்காக வெள்ளுடை தந்தோம், சொன்னதைச் செய்வதற்காகச் சம்பளம் தருகிறோம். நான்காவதைக் கேட்பதே இல்லை.

பள்ளிப் பாடப் புத்தகம் நமக்குக் காட்டிய புளோரன்ஸ் நைட்டிங்கேலும் கைவிளக்கேந்திய காரிகைதான். இருட்டில் கருணையோடு நடந்து போகிறவர். 1859இல் அவர் எழுதிய நர்சிங் குறிப்புகளைத் திறந்தால் வேறொரு ஆள் தென்படுகிறார். நோயாளியைக் கவனிப்பது பற்றி அதில் தனி அத்தியாயமே இருக்கிறது. ராத்திரி நன்றாகத் தூங்கினாரா என்று கேட்பவர்களை அவருக்குப் பிடிக்காது. எத்தனை மணி நேரம் தூங்கினார், எந்தெந்த நேரத்தில் தூங்கினார் என்று கேட்கச் சொல்கிறார். மொட்டையான கேள்வி மொட்டையான பதிலைத்தான் வாங்கித் தரும் என்பது அவர் கட்சி. கையில் விளக்கு இருந்தது உண்மைதான். அதை வைத்துக்கொண்டு அவர் என்ன பார்த்தார் என்பதைப் பாடப் புத்தகம் சொல்லவில்லை.

டெங்கு சீசனில் குழந்தைகள் வார்டுக்குப் போனால் அந்த நான்காவது தகுதி வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கலாம். எட்டு வயதுப் பையன், காய்ச்சலின் ஐந்தாம் நாள் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. நெற்றியைத் தொட்டுப் பார்த்த அம்மாவுக்கு நிம்மதி. டிஸ்சார்ஜ் எப்போது என்று அப்பா விசாரிக்கிறார். பிளேட்லெட் ஏறிவிட்டதா என்பது மாமாவின் கேள்வி. பயிற்சிக்கு வந்த மாணவி பிபி பார்த்து 100/80 என்று எழுதுகிறாள். இரண்டு எண்ணிலும் தவறில்லை. பின்னால் வந்த சீனியர் ஸ்டாஃப் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுப் பையனின் போர்வையை விலக்கி இரண்டு பாதங்களையும் உள்ளங்கையால் பிடிக்கிறார். சில்லென்று இருக்கிறது. கையை மேலே கொண்டுபோகிறார், முழங்கால்வரை சில்லிப்பு. விரல் நகத்தை அழுத்தி விடுகிறார். வெளுத்த நகம் சிவக்க நான்கு விநாடி ஆகிறது.

"கடைசியா எப்பம்மா ஒண்ணுக்குப் போனான்?"

"நேத்து சாயங்காலம் சிஸ்டர். ராத்திரி போகல."

"நல்லா தூங்கினானா?"

"தூங்கின மாதிரிதான் இருந்துச்சு. ஆனா புரண்டுக்கிட்டே கெடந்தான்."

பிளேட்லெட் இருக்கும் வரியை அவர் தாண்டிப் போகிறார். அவர் பார்ப்பது ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கைச் சொல்லும் பிசிவி. நேற்று 36, இன்று 44. டியூட்டி டாக்டரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, ட்ரிப்ஸ் ஓடுகிற கையில் ஊசி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார். அறையில் மற்ற எல்லோரும் பையன் தேறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நேரம் அது.

அந்தக் கையும் கண்ணும் என்னென்ன படித்தன என்பதைப் பிரித்துச் சொல்ல முடியும். டெங்குவில் பெரிய ஆபத்து காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. காய்ச்சல் விடும் தருவாயில் வருகிறது. ரத்தக் குழாய்ச் சுவர்கள் கசிந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறுகிறது. ரத்தம் கெட்டியாவதால் பிசிவி ஏறுகிறது. ஐந்தில் ஒரு பங்கு ஏறினாலே கசிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டும், இங்கே அதையும் தாண்டிவிட்டது. குறைந்துபோன ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்க, உடம்பு கைகால்களின் ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கிறது. பாதம் குளிர்வது அதனால்தான். பிபியின் கீழ் எண் இறங்காமல் நிற்பதும், இரண்டு எண்ணுக்கும் இடையில் 20 மட்டுமே மிஞ்சுவதும் அதனால்தான். தனித்தனியாக எந்த எண்ணும் அபாயத்தைச் சொல்லாது. அவற்றின் இடைவெளி சொல்கிறது. பையனோ கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்வான். டெங்கு அதிர்ச்சியில் குழந்தைகள் கடைசிவரை நினைவோடு பேசுவதுண்டு; பார்க்கிறவர்களை ஏமாற்றுவதும் அந்தப் பேச்சுதான்.

அதற்குப் பிறகான ஒன்றிரண்டு நாட்களும் செவிலியர் கையில்தான். திரவம் குறைவாகப் போனால் ரத்த ஓட்டம் நிற்கும். கூடுதலாகப் போனால், கசிந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பும் கட்டத்தில் நுரையீரல் நிறைந்து மூச்சு திணறும். மருத்துவர் எழுதுவது ஒரு வேகத்தை. அந்த வேகம் இந்தக் குழந்தைக்கு இந்த மணி நேரத்தில் சரிதானா என்பதைச் சிறுநீரின் அளவையும் பாதத்தின் சூட்டையும் பார்த்து மணிக்கு மணி சொல்கிறவர் வேறு ஒருவர்.

குழந்தை என்பது சிறிய அளவில் செய்த பெரியவர் அல்ல என்பது குழந்தை மருத்துவத்தின் பழைய பாடம். இதயத்தின் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தை அனுப்பும் வசதி சிறு குழந்தைக்குக் குறைவு. ஆகவே அது துடிப்பின் வேகத்தைக் கூட்டியே சமாளிக்கிறது. சமாளிக்கும்வரை பிபி இறங்காது; இறங்கும்போது படியெல்லாம் இல்லாமல் இறங்கும். ஒன்று முதல் பத்து வயதுவரை, வயதை இரண்டால் பெருக்கி 70ஐக் கூட்டினால் மேல் பிபியின் கீழ் எல்லை கிடைக்கும் என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். எட்டு வயதுக்கு 86. அந்த எண் வரட்டும் என்று காத்திருப்பவர் ஏற்கெனவே தாமதமாகிவிட்டார். வேகமாக ஓடிக்கொண்டிருந்த இதயம் மெதுவானால் பெரியவரின் வீட்டார் மூச்சு விட்டுக்கொள்வார்கள். குழந்தைகள் வார்டில் அதுவே ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருப்பதன் அறிகுறியாக இருக்கக்கூடும். மூச்சுக்கும் வயதுக்கு ஒரு கணக்கு. இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்ற எண்ணிக்கையை எட்டினால் வேகமான மூச்சு என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. பச்சிளம் குழந்தைக்கு 40 இயல்பு. அதே 40 ஐந்து வயதை நெருங்கும் பிள்ளைக்கு எச்சரிக்கை.

முதியவர்களிடம் இந்த ஏமாற்று வேறு திசையில் நடக்கிறது. இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள், 68 வயது அம்மா. வெப்பம் 98. நாடி 84. சத்தமில்லாமல் படுத்திருக்கிறார், வார்டுக்கு நல்ல பேஷண்ட். மகள் தயங்கித் தயங்கி வந்து சொல்கிறாள்: "சிஸ்டர், அம்மா ராத்திரி என்னைய அத்தைன்னு கூப்பிட்டாங்க. மாட்டுக்குத் தண்ணி வெச்சியான்னு கேட்டாங்க. வீட்ல மாடே இல்ல." வயசாகிவிட்டது, ஆபரேஷன் மயக்கம் என்று சமாதானம் சொல்லி அனுப்புவது எளிது. விஷயம் தெரிந்தவர் இரண்டு கேள்விகள் கேட்பார். ஆபரேஷனுக்கு முன்பு இப்படிப் பேசியதுண்டா? பிபிக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? நாடியை வேகமெடுக்க விடாத மாத்திரை ஒன்றைப் பல வருஷமாகச் சாப்பிடுகிறவருக்கு 84 என்பது நம்பக்கூடிய எண் அல்ல. முதியவரின் உடம்பு கிருமியை எதிர்த்துக் காய்ச்சலை எழுப்பாமலே போகலாம். திடீரென்று வந்த குழப்பம்தான் பல சமயம் முதல் தகவல். பிறகு அவர் கட்டிலருகே நின்று மூச்சை எண்ணுவார். 28 வரும். கேஸ் ஷீட்டில் 20 என்று இருக்கும்.

நடுவயதினர் இன்னொரு விதம். குழந்தைக்குச் சொல்லத் தெரியாது; இவர்கள் சொல்ல மாட்டார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிற பாதிப் பேர் "வாய்வுதான் சிஸ்டர், ஒரு ஊசி போட்டா சரியாயிரும்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பில் வலியே தெரியாமல் போகலாம். வியர்வையும் அசதியும் மட்டும் இருக்கும். வாய்வு என்று சொன்னவரின் சட்டை நனைந்திருப்பதைப் பார்த்து ஈசிஜி எடுக்கச் சொல்கிறவர் செய்வது ஒரு கணிப்பு. அதில் இந்த ஊரின் பேச்சும் அடக்கம். எந்த மொழிக்காரர் எந்த வலிக்கு என்ன பேர் வைப்பார் என்று பாடநூல் சொல்லித் தராது.

நிறமும் அப்படியே. உதடும் தோலும் நீலம் பாரிப்பதை வெள்ளைத் தோலில் எழுதிய வர்ணனைகளை வைத்து நாம் படித்தோம். கறுத்த தோலில் அதை நாக்கிலும் வாயின் உட்புறத்திலும் தேட வேண்டும். ரத்தசோகையைக் கீழ் இமையிலும் உள்ளங்கையிலும் பார்க்க வேண்டும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் நிறம் பார்க்காமல் இல்லை. 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி நல்ல எண் காட்டிய நிகழ்வுகள் வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்ததைக் கண்டது. மானிட்டரில் 95 என்று இருந்தாலும் ஆள் திணறுவதாகத் தெரிந்தால் ஆளைத்தான் நம்ப வேண்டும் என்று வார்டில் வழிவழியாகச் சொல்வது வெறும் பழைமைப் பிடிப்பல்ல.

இதையெல்லாம் உள்ளுணர்வு என்ற பெயரில் ஒதுக்கிவிடுகிற பழக்கம் செவிலியர்களுக்கே உண்டு. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால், "என்னமோ தோணுச்சு, அவ்ளோதான்" என்பார்கள். 1993இல் பெத் கிராண்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் சக ஆய்வாளரோடு சேர்ந்து வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தப் பதிலோடு திருப்திப்படவில்லை. குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், ரத்தப் பரிசோதனை காட்டுவதற்கு முன்பே கிருமித்தொற்றைக் கண்டுகொள்ளும் செவிலியர்களை அவர்கள் பேட்டி கண்டார்கள். பொதுவாகக் கேட்டபோது தோன்றியது என்ற பதில்தான் வந்தது. குறிப்பிட்ட ஒரு குழந்தையை, ஒரு ஷிஃப்டை நினைவுகூரச் சொல்லி, அப்போது என்ன பார்த்தீர்கள், அதற்கு முன் என்ன என்று துருவியபோது அறிகுறிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவற்றில் பல அன்றைய மருத்துவ நூல்களில் இல்லாதவை. சில, பெரியவர்களின் தொற்றுக்குச் சொல்லப்பட்ட அறிகுறிகளுக்கு நேர் எதிரானவை. பெரியவர் தொற்றில் எரிச்சல்படுவார். குறைமாதக் குழந்தையோ அடங்கிப்போகும். வழக்கமாக அழும் குழந்தை அழாமல் இருப்பதை ஒரு செவிலியர் பார்த்துவிட்டு அதற்குப் பெயர் வைக்காமல் மனதில் வைத்திருந்திருக்கிறார். பல வருஷம் யாரும் கேட்கவில்லை, அதனால் அது அறிவு என்ற கணக்கில் வரவில்லை.

பாட்ரிசியா பென்னர் 1984இல் எழுதிய புத்தகம் இந்த வளர்ச்சியைக் கற்றுக்குட்டியிலிருந்து தேர்ந்தவர்வரை ஐந்து நிலைகளாக விவரித்தது. தொடக்கநிலையில் இருப்பவர் விதியைப் பிடித்துக்கொள்கிறார். தேர்ந்தவர் நிலைமையை முழுசாகப் பார்க்கிறார். கிறிஸ்டின் டேனர் 2006இல், செவிலியரின் கணிப்பு கவனிப்பதில் தொடங்கி, பொருள்கொண்டு, செயல்பட்டு, திரும்பிப் பார்ப்பதில் முடிகிறது என்றார். அவர் சொன்னதில் முக்கியமானது இன்னொன்று: கண்முன் உள்ள தகவலைவிட, செவிலியர் தன்னோடு என்ன கொண்டுவருகிறார் என்பதே கணிப்பை அதிகம் தீர்மானிக்கிறது. இதை ஒரு பாராட்டாக மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான் புரிந்தது. அனுபவம் கொண்டுவருகிற கண்தான் தப்பெண்ணத்தையும் கொண்டுவருகிறது. "இந்தம்மா எப்பவும் இப்படித்தான், சும்மா நடிக்கிறாங்க" என்பதும் ஒரு கணிப்பே. பிரசவ வார்டில் கத்துகிற பெண்ணிடம், மூன்றாம் முறையாக வலி என்று வந்த குடிகாரரிடம், மனநல மாத்திரை சாப்பிடுகிறவரிடம் அது உடனே வந்துவிடும். உடம்பைக் கணிக்க வேண்டிய இடத்தில் ஆளைக் கணித்துவிடுகிற இந்தத் தவறுக்கும் அனுபவம் என்றுதான் பெயர் சொல்லப்படுகிறது. 1980களில்கூடப் பச்சிளம் குழந்தைகளுக்குப் பல இடங்களில் போதிய வலிமருந்து இல்லாமல் அறுவை சிகிச்சை நடந்தது. அவற்றுக்கு வலியை உணரும் நரம்பு வளர்ச்சி இல்லை என்று அனுபவஸ்தர்கள்தான் நம்பினார்கள். கன்வல்ஜீத் ஆனந்த் என்ற மருத்துவர் குழுவினரோடு 1987இல் லான்செட்டில் வெளியிட்ட ஆய்வு, வலிமருந்து கொடுத்த குறைமாதக் குழந்தைகள் அறுவை சிகிச்சைக்குப் பின் நன்றாகத் தேறுவதைக் காட்டிய பிறகே அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது.

எந்தத் தோன்றலை நம்பலாம் என்பதற்கு டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009இல் சேர்ந்து ஒரு விடை சொன்னார்கள். உள்ளுணர்வு பற்றி எதிரெதிர்க் கருத்துடையவர்கள் அவர்கள். பார்க்கிற உலகில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், தன் கணிப்பு பலித்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் இருக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். நம் வார்டுகளில் முதலாவது இருக்கிறது. இரண்டாவது பெரும்பாலும் இல்லை. ராத்திரி மூன்று மணிக்குச் சந்தேகப்பட்டு ஐசியூவுக்கு அனுப்பிய நோயாளி என்ன ஆனார் என்று அனுப்பியவருக்கு யாரும் சொல்வதில்லை. டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போய், மறுநாள் வந்தால் கட்டிலில் வேறு ஆள். கொஞ்ச நாளில் வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். இருபது வருஷ சர்வீஸ் என்பது விடை தெரியாத இருபது வருஷக் கேள்விகளாகவே போய்விடக்கூடும்.

தனிமனிதக் கண்ணை நம்பியே இருக்க முடியாது என்பதற்காகத்தான் எச்சரிக்கை மதிப்பெண்கள் வந்தன. பிரிட்டனில் 2012 முதல் மூச்சு, ஆக்சிஜன், பிபி, நாடி, நினைவு, வெப்பம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டும் தேசிய அட்டை ஒன்று இருக்கிறது; 2017இல் அதைத் திருத்தியபோது புதிதாக வந்த மனக்குழப்பத்தையும் சேர்த்தார்கள். அந்த 68 வயது அம்மாவை அட்டை பிடித்துவிடும், மூச்சை உண்மையாக எண்ணி எழுதியிருந்தால். அனுபவம் இல்லாதவருக்கு இது நல்ல கைப்பிடி. ஆனால் மதிப்பெண் வராததால் மருத்துவரைக் கூப்பிடவில்லை என்ற பேச்சு தொடங்கும் இடத்தில் கைப்பிடியே கட்டிப்போடுகிறது. 1990இல் சிட்னியின் லிவர்பூல் மருத்துவமனையில் தொடங்கிய அவசர மருத்துவக் குழு இதை முன்பே யோசித்திருந்தது. அந்தக் குழுவை அழைக்கக் காரணங்களாக வைத்த பட்டியலில் எண்களோடு, பணியாளருக்குக் கவலையாக இருக்கிறது என்பதும் ஒன்று. கவலைக்கு ஆதாரம் காட்ட வேண்டியதில்லை.

அந்தக் கவலையில் தாய் தகப்பனுக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள இன்னும் நாளானது. 2021இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி ரத்தத்தில் கிருமி பரவி இறந்தாள். பெற்றோர் தங்கள் பயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்; எடுபடவில்லை. அவர்களுடைய போராட்டத்துக்குப் பிறகு, குடும்பத்தாரே வேறொரு மருத்துவக் குழுவின் பார்வையைக் கேட்டுப் பெறும் மார்த்தா விதி 2024இல் இங்கிலாந்தில் வந்தது. நம் ஊரில் "பிள்ளை ஒரு மாதிரியா இருக்கு" என்று சொல்லும் அம்மாவிடம் நல்ல செவிலியர் ஒருபோதும் வாதாட மாட்டார். தனக்கு அரை மணி நேரமாகத் தெரிந்த குழந்தையை எட்டு வருஷமாகத் தெரிந்தவர் அந்த அம்மா என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பேச்சை எழுத மட்டும் கேஸ் ஷீட்டில் கட்டம் இல்லை.

கண்டுபிடிப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை, சொல்லவும் வேண்டும். ராத்திரி போனில் ஒரு ஸ்டாஃப் பேசுவதைக் கேட்டிருப்பவர்களுக்குத் தெரியும். "சார், தூங்கிட்டு இருந்தீங்களா சார், சாரி சார். பதினேழாம் பெட் கொஞ்சம் டல்லா இருக்காங்க சார். பிபியெல்லாம் ஓகேதான் சார். நீங்க ஒருவாட்டி வந்து பாத்தா நல்லாருக்கும்னு..." அவர் மனதில் இருப்பது, இவர் மோசமாகிக்கொண்டிருக்கிறார், உடனே வாருங்கள் என்பது. லியோனார்ட் ஸ்டைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1967இலேயே இந்த விளையாட்டின் விதியை எழுதிவிட்டார். செவிலியர் யோசனை சொல்ல வேண்டும், ஆனால் அது மருத்துவருக்கே தோன்றியதுபோல இருக்க வேண்டும். அதற்கு ஓராண்டு முன்பு, 1966இல் சார்லஸ் ஹோஃப்ளிங் குழு வெளியிட்ட சோதனை இன்னும் கசப்பானது. முன்பின் தெரியாத மருத்துவர் ஒருவர் போனில் ஒரு மருந்தை, லேபிளில் அச்சிட்ட உச்ச அளவைப்போல் இரு மடங்கு கொடுக்கச் சொன்னார். 22 பேரில் 21 செவிலியர் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள். வழியில் நிறுத்தி, விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. பரிமேலழகரின் மூன்றாவது தகுதி முழுசாக இருந்தது, நான்காவதைப் பயன்படுத்த அனுமதி இல்லை. குழந்தைகள் வார்டில் இது நூலிழை விஷயம். எடைக்குத் தக்க மருந்துக் கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறினால் அளவு பத்து மடங்காகிவிடும். அதைப் பார்த்து, "சார், இது சரிதானா?" என்று கேட்பவரே கடைசித் தடுப்பு. அந்தக் கேள்விக்கு அவர் திட்டு வாங்கினால் அடுத்த முறை கேட்க மாட்டார்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். அது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதில் அடங்கியிருக்கிறது. லிண்டா எய்க்கன் குழுவினர் 2002இல் பென்சில்வேனியா மருத்துவமனைகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியருக்குக் கூடுதலாக ஒரு நோயாளி சேரும் ஒவ்வொரு முறையும், அறுவை சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. செத்தவர்கள் கவனிப்பாரின்றிக் கிடந்து செத்தார்கள் என்பதல்ல இதன் பொருள். சிக்கல் எல்லா இடத்திலும்தான் வருகிறது. அதை வரும்போதே பார்க்கிறவர் இருக்கும் இடத்தில் ஆள் பிழைக்கிறார்.

வேலூரில் நர்சிங் பட்டப்படிப்பு 1946இலேயே தொடங்கிவிட்டது. அன்றிலிருந்து தமிழ்நாட்டில் எத்தனையோ கல்லூரிகள், மேல்பட்டங்கள். ஆனாலும் நம் ஏற்பாட்டில் ஒரு செவிலியர் தேறத் தேறக் கட்டிலிலிருந்து விலகிப்போகிறார். பதவி உயர்வு வந்தால் இன்டென்ட், ஸ்டாக் ரிஜிஸ்டர், லினன் கணக்கு, டியூட்டி லிஸ்ட். கைகளால் பாதத்தின் சூட்டைப் படிக்கத் தெரிந்தவர் மேசைக்குப் போய்விட, நேற்று படிப்பு முடித்து ஒப்பந்தச் சம்பளத்தில் சேர்ந்தவர் 40 கட்டிலையும் பார்க்கிறார். சேர்ந்தவர்களில் கெட்டிக்காரர்கள் வெளிநாட்டுக்குத் தயாராகிறார்கள். அமெரிக்கப் பணி உரிமத் தேர்வு 2023 ஏப்ரலிலிருந்து இதே கணிப்பைத்தான் சோதிக்கிறது. நோயாளியின் கதையைக் கொடுத்து, எதைக் கவனிப்பாய், எதை முதலில் செய்வாய், செய்தது பலித்ததா என்று எப்படி அறிவாய் என்று கேட்கிறது. பயிற்சி மையத்தில் மாலையில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பழகும் பெண்ணிடம், அன்று இரவு வார்டில் யாரும் அவற்றில் ஒன்றைக்கூடக் கேட்பதில்லை.

செய்யக்கூடியவை எளியவையே. அனுபவசாலி கட்டிலருகிலேயே இருந்து உயர ஒரு பதவி ஏணி. அனுப்பிய நோயாளி என்ன ஆனார் என்று அனுப்பியவருக்குச் சொல்லும் ஒரு வழக்கம். செவிலியரின் கவலையையும் தாயின் கவலையையும் எழுத கேஸ் ஷீட்டில் ஒரு கட்டம், அதற்கு நேராக மருத்துவர் பதில் எழுதிக் கையெழுத்திட இன்னொரு கட்டம். ராத்திரிக்குக் கூடுதலாகச் சில ஆட்கள். கருத்தரங்குகளில் இவற்றை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. நிறைவேற்றும்போதுதான் தெரிகிறது: அறிவு என்று ஒப்புக்கொண்டுவிட்டால் அதற்குச் சம்பளம் தர வேண்டும், நேரம் தர வேண்டும், அதன் எதிரில் நம் முடிவை மாற்றிக்கொள்ளவும் வேண்டியிருக்கும். தேவதை என்று அழைப்பதற்கு இவ்வளவு செலவாவதில்லை. அந்தப் பட்டத்தை நாம் தாராளமாகக் கொடுத்துவருவதும் அதனால்தான்.